காமிராவின் ஓரத்தில் சங்கீதம்

1

நமது சங்கீத சரித்திரம் பெரும்பாலும் செவிவழிச் செய்தி. ஒரு வித்வானின் தோடியைப் பற்றி நாம் படிக்கிற வர்ணனை, கேட்டவர் முப்பது வருஷம் கழித்து நினைவிலிருந்து எழுதியதாக இருக்கும். அதைப் படித்த இன்னொருவர் மேலும் முப்பது வருஷம் கழித்து அதையே தன் அபிப்பிராயமாக எழுதுவார். இடையில் சரிபார்த்துக்கொள்ள எதுவும் இல்லாததால் புகழுரை புகழுரையைப் பெற்றுப்போட்டுக்கொண்டே போகிறது. இலக்கியத்தில் பிரதி என்று ஒன்று இருக்கிறது. மணிக்கொடி இதழைத் தேடி எடுத்து, பேர்பெற்ற ஒரு கதை உண்மையில் எப்படி எழுதப்பட்டிருந்தது என்று பார்த்துவிடலாம். சங்கீதத்தைப் பற்றி எழுதுகிறவனுக்கு அந்த வசதி வெகுகாலம் இருந்ததில்லை. கிராமபோன் தட்டு உண்டு. ரேடியோ ஒலிப்பதிவு உண்டு. ஆனால் கச்சேரி என்பது மேடையில் நாலைந்து பேர் உடம்போடு உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு செய்கிற காரியம். அந்தக் காரியத்தின் பிரதி நம்மிடம் இல்லை.

இப்போது கொஞ்சம் இருக்கிறது. தூர்தர்ஷனின் பழைய டேப்புகளில் மிஞ்சியவற்றில் ஒரு பகுதி டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றப்பட்டு, பிரஸார் பாரதியின் ஆவணக் காப்பகம் வழியாக யூட்யூபில் வந்திருக்கிறது. எண்பதுகளில் வீட்டில் விசிஆர் வாங்கிவைத்திருந்த ரசிகர்கள் ஒளிபரப்பிலிருந்து பிடித்துவைத்த காஸெட்டுகளும் அங்கங்கே வெளிவருகின்றன. பொள்ளாச்சியில் உட்கார்ந்து இவற்றைச் சில காலமாகப் பார்த்துவருகிறேன். மங்கிய கறுப்பு வெள்ளை. இடையிடையே படம் குறுக்காகக் கிழிகிறது. சில இடங்களில் சுருதியே டேப்பின் ஓட்டத்தில் லேசாக ஆடுகிறது. பார்த்தவர்கள் கீழே எழுதியிருப்பதெல்லாம் பரவசம்: பொக்கிஷம், தெய்வீகம், அந்தக் காலம் போல வருமா. எனக்கு இந்தப் பரவசத்தில் சம்மதமில்லை. பொக்கிஷம் என்று கும்பிட்டுவிட்டால் பார்ப்பது நின்றுபோகிறது. இவை சாட்சியங்கள். எதைச் சொல்ல இவை எடுக்கப்பட்டனவோ அதை இவை அவ்வளவு நன்றாகச் சொல்லவில்லை. காமிராவுக்கே தெரியாமல் வேறு சிலவற்றைச் சொல்கின்றன. என் அக்கறை அதில்தான்.

2

முதலில் தேதிகளைப் பார்த்துவிட வேண்டும். சங்கீதத்தைப் பற்றிப் பேசுகிறபோது தேதிகளைத் தாண்டிப் போவது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

இந்தியாவில் டெலிவிஷன் 1959 செப்டம்பர் 15-ல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு அது வந்தது 1975 ஆகஸ்ட் 15-ல், பதினாறு வருஷம் கழித்து. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத சமயம். இந்தப் பதினாறு வருஷத்துக்குள் போனவர்கள் யார் என்று பார்த்தால் ஒரு யுகமே கணக்கில் வருகிறது. காருகுறிச்சி அருணாசலம் 1964. ஜி.என். பாலசுப்பிரமணியம் 1965. அரியக்குடி 1967. மதுரை மணி ஐயர் 1968. செம்பை 1974 அக்டோபர். முசிரி 1975 மார்ச், ஒளிபரப்புக்கு ஐந்து மாதம் முன்பு. ராஜரத்தினம் பிள்ளை டெல்லி நிலையத்துக்கும் முன்பே, 1956-லேயே போய்விட்டார்.

ஆகவே டெலிவிஷன் நமக்குக் காட்டுவது ஒரு தலைமுறையின் மிச்சத்தை. செம்மங்குடி 1908-ல் பிறந்தவர். சென்னைக் காமிரா முன் அவர் உட்கார்ந்தபோது வயது அறுபத்தேழைத் தாண்டிவிட்டது. எம்.எஸ்.ஸுக்கு ஐம்பத்தொன்பது. சினிமாவில் நடித்ததால் எம்.எஸ்.ஸின் இளமை முகம் தப்பிற்று. ஜி.என்.பி.க்கும் அப்படித்தான்: 1940-ல் வந்த ‘சகுந்தலை’யில் அவர் அசைந்து நடப்பதைப் பார்க்கலாம். ஆனால் அங்கே அவர் துஷ்யந்தன். மேடையில் பிருகாக்களை உதிர்த்த ஜி.என்.பி. அல்ல. மற்றவர்களைப் பொறுத்தவரை, இளமையின் குரல் தட்டில் முகமில்லாமல் இருக்கிறது. முகம் வந்து சேர்ந்தபோது குரல் தேய்ந்திருக்கிறது. கர்நாடக சங்கீதம் என்றாலே வயோதிகம், நரை, நிதானம் என்று இன்று படிந்துபோயிருக்கிற பிம்பத்துக்கு இந்தத் தற்செயலும் ஒரு காரணம். பிம்பத்தை உண்டாக்கியதில் அழகியலின் பங்கைவிட ஒளிபரப்புக் கோபுரம் கட்டி முடித்த தேதியின் பங்கு அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

இந்தப் பட்டியலில் எங்கள் பக்கத்துக்குத் தனிக் கணக்கு ஒன்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுத்தான் பொள்ளாச்சித் தென்னைகளை ஆட்டுகிறது. அந்தக் கணவாய்க்கு அப்பால், ரயிலேறினால் சற்று நேரத்தில் போய்ச் சேருகிற தூரத்தில் செம்பை வைத்தியநாத பாகவதர், பாலக்காடு மணி ஐயர், கே.வி. நாராயணஸ்வாமி, எம்.டி. ராமநாதன் எல்லோருடைய ஊரும் வந்துவிடுகிறது. ஆனால் நாங்கள் இவர்களை அறிந்தது ரேடியோ வழியாக: முதலில் 1939-ல் தொடங்கிய திருச்சி நிலையம், 1966 முதல் கோவை நிலையம். டெலிவிஷன் இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் வரும்போது எண்பதுகள் பாதி கடந்துவிட்டன. செம்பை எப்போதோ இல்லை. மணி ஐயர் 1981-ல் போய்விட்டார். ராமநாதன் 1984 ஏப்ரலில். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்களின் முகத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் பார்க்க, சென்னைக்குப் போன டேப்பும் அதற்குப் பிறகு இன்டர்நெட்டும் வேண்டியிருந்தது.

3

முகமில்லாத குரல் என்பதற்குக் கொங்கு நாட்டில் இன்னும் பழைய உதாரணம் இருக்கிறது. கோயமுத்தூர் தாயி, இயற்பெயர் பழனிக்குஞ்சரம், 1872-ல் பிறந்து 1917-ல் இறந்தவர். தேவதாசி மரபில் வந்தவர். இந்த நூற்றாண்டுக் கணக்கெல்லாம் தொடங்குவதற்கு முன்னால், கிராமபோன் கம்பெனிக்காரர்கள் தென்னிந்தியாவில் ஒலிப்பதிவு செய்ய ஆரம்பித்த ஆரம்ப வருஷங்களிலேயே அவர் தட்டில் பாடியிருக்கிறார். 1912 வாக்கில் இந்தியா வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜ் அவருடைய குரலில் மயங்கி, அவருடைய தட்டு ஒன்றை ஆதாரமாக வைத்தே ‘ராகமாலிகா’ என்று பியானோவுக்கு ஒரு படைப்பு எழுதினார். தாளவாத்தியத்தின் மழுங்கிய ஓசை வேண்டும் என்பதற்காகப் பியானோவின் கம்பிக்கு அடியில் அட்டையைச் செருகச் சொல்லியிருக்கிறார். கோயமுத்தூர்ப் பெண் ஒருத்தியின் பாட்டைக் காப்பாற்றிக்கொள்ள பாரிஸ்காரர் தன் வாத்தியத்தின் இயல்பையே மாற்றத் தயாராக இருந்தார். அதே தாயியைப் பற்றி நம் சங்கீத சரித்திரப் புத்தகங்களில் எத்தனை வரி இருக்கிறது என்று பார்த்தால் வருத்தந்தான் மிஞ்சும். அவர் எப்படி உட்கார்ந்து பாடினார், தாளத்தை எந்தக் கையில் போட்டார், பக்கவாத்தியக்காரர்கள் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதெல்லாம் தட்டில் இல்லை.

இன்னொன்று, கைக்கு வந்து நழுவியது. முசிரி சுப்பிரமணிய ஐயர் நடித்த ஒரே படம் ‘துகாராம்’. 1938-ல் வந்தது, கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவின் தயாரிப்பு. சிங்காநல்லூரில் நின்று பாடிய முசிரியின் உருவம் செல்லுலாய்டில் விழுந்தது. அந்தப் படத்தின் பிரதி இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. டெலிவிஷன் வருவதற்கு ஐந்து மாதம் முன்பு அவர் இறந்தார் என்று மேலே சொன்னேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கலைஞனின் உருவம் இரண்டு முறை நம்மிடமிருந்து தப்பிப் போயிருக்கிறது: முதல் முறை வைத்துக்காக்கத் தெரியாததால், இரண்டாம் முறை வரத் தாமதித்ததால்.

4

டெலிவிஷன் வந்த பிறகாவது வைத்துக்காத்தோமா என்றால், அதுவும் அரைகுறைதான். ஆரம்ப நாட்களில் பல நிகழ்ச்சிகள் நேரடியாக ஒளிபரப்பாயின. பதிவு என்பதே இல்லை. பதிவானவற்றிலும், டேப் விலை உயர்ந்த சரக்கு என்பதால், ஒளிபரப்பு முடிந்ததும் அழித்து அதன்மேல் அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். அழிக்காமல் விட்டவற்றைச் சீதோஷ்ணம் பார்த்துக்கொண்டது. டேப் என்பது பிளாஸ்டிக் நாடாவில் இரும்பு ஆக்ஸைடுத் தூளைப் பசையால் ஒட்டிவைத்தது. பசை ஈரத்தை உறிஞ்சினால் பிசுபிசுத்து, ஓட்டும்போது தூள் உரிந்து போகும். உரிந்த தூளோடு படமும் போகும். சென்னை மாதிரி கடற்கரை ஊரில் குளிர்சாதனம் இல்லாத அலமாரியில் வைத்த டேப் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு, டேப் நன்றாக இருந்தாலும் அதை ஓட்டுகிற யூ-மாட்டிக் யந்திரமும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆளும் அபூர்வமாகிவிட்டார்கள்.

டேப்பை அழித்தது நம் தேசத்துக்கு மட்டும் உரிய குணம் என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனின் பி.பி.சி.யும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தன் நிகழ்ச்சிகளை ஏராளமாக அழித்திருக்கிறது. இன்று அங்கே காணாமல்போன படச்சுருள்கள் தனிப்பட்டவர்களின் பரணிலிருந்தும் வெளிநாட்டு நிலையங்களிலிருந்தும் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லத்தான் வேண்டும். பிரான்ஸ் தன் அரசு ஒளிபரப்பு ஸ்தாபனத்தைப் பிரித்தபோது, பழைய நிகழ்ச்சிகளைப் பாதுகாப்பதற்கென்றே தனி நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தியது. அது செயல்படத் தொடங்கிய வருஷம் 1975. நாம் சென்னையில் பதிவு செய்யத் தொடங்கிய அதே வருஷத்தில் அவர்கள் பதிவு செய்ததை வைத்துக்காக்கத் தொடங்கினார்கள். பணம் ஒரு காரணம்தான். ஒளிபரப்பு முடிந்த நிகழ்ச்சி முடிந்துபோனது என்று நாம் நினைத்தோம். அது அன்றைக்குத்தான் சரித்திரத்துக்குள் நுழைகிறது என்று அவர்கள் நினைத்தார்கள்.

ஆகவே மிஞ்சியவை யாரும் தேர்ந்தெடுத்து மிஞ்சியவை அல்ல. சிறந்தது என்று வைத்தது கொஞ்சம், அழிக்க மறந்தது கொஞ்சம், யாரோ வீட்டில் பிடித்துவைத்தது கொஞ்சம். இதை நம் செவ்வியல் மரபின் சாரம் என்று கொண்டாடுவதற்கு முன் இந்த விபத்தை நினைவில் வைப்பது நல்லது.

5

இனி, பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

ஸ்டூடியோவில் சபை கிடையாது. பின்னால் தெர்மகோலில் வெட்டிய கோபுரம் அல்லது தூண், பக்கத்தில் குத்துவிளக்கு. பாரம்பரியம் என்றால் இப்படி இருக்கும் என்று ஓர் இலாகா நினைத்ததன் வடிவம் அது. அரை மணி நேரத்துக்குள் வர்ணத்திலிருந்து மங்களம்வரை முடிய வேண்டும்; ஆலாபனை வளர ஆரம்பிக்கும்போதே கடிகாரத்தின் ஞாபகம் பாடுகிறவர் முகத்தில் தெரிகிறது. எழுபத்தெட்டு சுற்றுத் தட்டு மூன்றரை நிமிஷத்துக்குள் கிருதியை மடக்கியது. ரேடியோ அதற்கு வேறொரு அளவு போட்டது. டெலிவிஷன் மூன்றாவது அளவு. சம்பிரதாயம் என்று நாம் சொல்கிற கச்சேரி அமைப்பே இந்த நூறு வருஷத்தில் யந்திரங்களோடு பேரம் பேசி உண்டானது என்பது, இவற்றை வரிசையாகப் பார்க்கும்போது பிரத்யட்சமாகிறது.

சபை இல்லாததன் விளைவு முதலில் ஒரு வெறுமை. தலையாட்டுகிறவர் இல்லை, தாளம் போடுகிறவர் இல்லை, ‘பலே’ இல்லை. பிறகு இன்னொன்று தெரிகிறது. சபை இல்லாததால் மேடையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சபையாகிவிடுகிறார்கள். பாடகர் ஒரு சங்கதி போட்டுவிட்டு வயலின்காரரின் முகத்தைத் தேடுகிறார். மண்டபத்தில் இருபதாவது வரிசையிலிருந்து இதைப் பார்த்திருக்க முடியாது.

எம்.டி. ராமநாதன் இதற்கு நல்ல உதாரணம். அவருடைய சுருதி தாழ்ந்தது, காலப்பிரமாணம் மெதுவானது என்பதை ரேடியோவில் கேட்ட எல்லோரும் சொல்வார்கள். சோம்பல் என்று சொன்னவர்களும் உண்டு. சென்னையின் சபாக்கள் அவருக்குக் கொடுத்த இடத்தைவிட மலையாளத்துக்காரர்கள் கொடுத்த இடம் பெரியது; கவிஞர் சச்சிதானந்தன் அவரைப் பற்றிக் கவிதையே எழுதினார். ஒலிநாடாவில் அவருடைய இரண்டு பிடிகளுக்கு நடுவில் வருகிற மௌனம் வெறும் இடைவெளி. திரையில் அந்த மௌனத்தைப் பார்க்கிறோம்: குரல் நின்றுவிட்டது, கை நிற்கவில்லை; ஸ்வரம் போய்ச் சேர வேண்டிய இடத்தை விரல்கள் இன்னும் தடவிக்கொண்டிருக்கின்றன; முகத்தில் ஒரு குழந்தைச் சிரிப்பு; பிறகுதான் அடுத்த பிடி. ‘மெதுவாகப் பாடினார்’ என்பது காதின் தீர்ப்பு. உடம்பைப் பார்த்தால், பாட்டின் பாதியை அவர் வாயால் பாடவே இல்லை என்று தெரிகிறது. ஒரு வித்வானைப் பற்றி இத்தனை வருஷமாக நிலைத்துவிட்ட விமர்சனத்தை, நைந்துபோன ஒரு டேப் ரத்து செய்கிறது.

செம்மங்குடியிடம் வேறு விஷயம். குரல் அவருக்கு வரமாக வாய்க்கவில்லை; சண்டையிட்டு வாங்கினார் என்பது ஊரறிந்தது. ஆனால் அந்தச் சண்டை கழுத்து நரம்பிலும் உயர்ந்து இறங்கும் கையிலும் நடப்பதைப் பார்ப்பது வேறு. ‘தெய்வீகம்’ என்ற சொல்லை இதன்மேல் ஒட்டுவது அவருக்குச் செய்கிற அவமரியாதை. இது உழைப்பு. வயலில் ஏர் பிடிக்கிறவனின் தோளில் தெரிகிற அதே உழைப்பு. கிராமபோனும் ரேடியோவும் சேர்ந்து நம் சங்கீதத்தை உடம்பில்லாத குரலாக்கிவைத்தன. உடம்பில்லாததைத் தெய்வமாக்குவது சுலபம். டெலிவிஷன் உடம்பைத் திருப்பிக் கொடுத்தது. அதை நாம்தான் கவனிக்கவில்லை.

காமிராக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல நிகழ்ச்சிகளில் அவருக்கோ, உள்ளே உட்கார்ந்து காட்சி மாற்றுகிறவருக்கோ சங்கீதம் தெரியாது. வயலின் பதில் சொல்லி முடித்த பிறகு வயலினைக் காட்டுகிறார்கள். தனி ஆவர்த்தனம் சூடு பிடிக்கும்போது பாடகரின் மோதிரத்தைக் காட்டுகிறார்கள். இந்த அபத்தத்தில் ஒரு லாபம். காமிரா தப்பான நேரத்தில் தப்பான ஆளின்மேல் நிற்கும்போது, வாசிக்காமல் சும்மா இருக்கிற மிருதங்கக்காரரைப் பார்க்கிறோம்: அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். விரல் தோலுக்கு மேலே ஓர் அங்குலத்தில் காத்திருக்கிறது. பின்னால் தம்புரா போடும் சிஷ்யை, தலைப்பு அட்டையில் பெயர்கூடப் போடப்படாதவள், உதட்டை அசைத்துக் கூடவே பாடிக்கொள்கிறாள். நம் சங்கீத விமர்சனம் பாடுகிறவரைப் பற்றிய விமர்சனம். கேட்கிறவர்களால், காத்திருக்கிறவர்களால் கச்சேரி எப்படி நிற்கிறது என்பதை அது எழுதியதில்லை. அசட்டுக் காமிரா எழுதியிருக்கிறது.

தெரிந்தே பார்த்த காமிரா எப்படி இருக்கும் என்பதற்கும் நம்மிடம் ஓர் அளவுகோல் உண்டு. 1976-ல் சத்யஜித் ராய், தமிழ்நாடு அரசுக்கும் பம்பாயின் தேசிய நிகழ்கலை மையத்துக்குமாக, பாலசரஸ்வதியைப் பற்றி ‘பாலா’ என்ற படத்தை எடுத்தார். அரை மணிக்குச் சற்றுக் கூடுதல். பாலாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. மாமல்லபுரம் கடற்கரையில் அவர் அபிநயம் பிடிக்கும்போது காற்று புடவையை அலைக்கழிக்கிறது. ராய் படப்பிடிப்பை நிறுத்தவில்லை. காற்றோடு சேர்த்தே அந்த உடம்பைப் பார்க்கிறார். தெர்மகோல் கோபுரத்துக்கும் இந்தக் காற்றுக்கும் உள்ள தூரம்தான் இலாகாவுக்கும் கலைஞனுக்கும் உள்ள தூரம். ஆனால் ராய் ஒருவர், படம் ஒன்று. மற்றதெல்லாம் நமக்கு இலாகாவின் டேப்புகளில்தான் இருக்கிறது. அதைத்தான் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

6

படிப்பதென்றால் படத்துக்குள் இல்லாததையும் படிப்பது.

நான் பார்த்தவற்றில் வாய்ப்பாட்டும் வீணையும் புல்லாங்குழலும் கச்சேரியாக வருகின்றன. நாதஸ்வரம் பெரும்பாலும் மங்கள இசையாக, வாசற்படியாக வருகிறது. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் (1924–2001) கொங்கு நாட்டுக்காரர். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் அவர் வாசிப்பைக் கேட்காதவர் இந்தப் பக்கம் இல்லை. ஆனால் சீவாளியை நனைத்து, மூச்சைக் கட்டி, தவில்காரரைக் கண்ணால் அழைத்து அவர் ஒரு ராகத்தை முழுதாக எழுப்புவதை நிதானமாகப் பார்க்க எத்தனை டேப் இருக்கிறது? உடுக்கடிப் பாட்டுக்காரர்களை விடுங்கள். காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் 1965-ல் அண்ணன்மார் கதையை முழுதாக டேப்பில் பிடித்தவர் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானிடவியலாளர். தாயிக்கு ஒரு பிரெஞ்சுக்காரர், அண்ணன்மாருக்கு ஒரு கனடாக்காரர். வெளியே இருந்து வந்தவர்களுக்குக் கேட்டது, உள்ளே இருந்தவர்களுக்குப் பின்னணி ஓசை.

இதில் பொள்ளாச்சிக்கு என்று தனியாக ஒரு பரிகாசம் உண்டு. எங்கள் வரப்பும் வாய்க்காலும் தென்னந்தோப்பும் படாத சினிமா குறைவு. எத்தனையோ படங்களில் கதாநாயகன் எங்கள் தோப்பில்தான் ஓடியிருக்கிறான். இவ்வளவு காமிரா வந்துபோன ஊரில் கோயில் வாசிப்புக்காரர்களை உட்காரவைத்துப் பிடித்த படம் எதையும் நான் பார்த்ததில்லை.

ஆனால் அவர்கள் வேறொரு இடத்தில் பதிவாகியிருக்கிறார்கள். எண்பதுகளின் கடைசியிலிருந்து கொங்கு நாட்டில் வசதியுள்ள வீடுகளில் கல்யாணத்தை வீடியோ எடுக்கும் வழக்கம் பரவியது. அந்தக் காஸெட்டுகள் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கின்றன. காமிரா மணமக்களைப் பார்க்கிறது, நகையைப் பார்க்கிறது, வந்த பெரிய மனுஷர்களைப் பார்க்கிறது. படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, நாதஸ்வரமும் தவிலும் மணிக்கணக்கில் வாசிக்கின்றன. தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்கு விரல் உயர்த்துகிற கணத்தில் தவில்காரரின் முகம் இரண்டு வினாடி முழுதாக வருகிறது. பிறகு ஸ்டூடியோவில் அந்த ஒலியை அழித்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போட்டிருப்பார்கள். தாயிக்குக் குரல் இருந்தது, முகம் இல்லை. இவர்களுக்கு முகம் இருக்கிறது, குரல் இல்லை. ஆனால் ஸ்டூடியோவுக்குப் போகாமல், எடுத்தது எடுத்தபடி வீட்டில் தங்கிவிட்ட காஸெட்டுகளும் உண்டு. அவற்றில் இரண்டும் இருக்கின்றன.

டெல்லியும் சென்னையும் தங்கள் அலமாரிகளைத் திறக்கட்டும்; திறந்தவரை நன்றி. ஆனால் பக்கவாத்தியக்காரர்களின் பெயரும் பதிவான தேதியும் இல்லாமல் ‘அபூர்வ கச்சேரி’ என்று மட்டும் எழுதி வெளியிடுவது பாதி வேலை. அந்தப் பெயர்களைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். மீதி வேலை நம் ஊர்களில் இருக்கிறது. அந்த பீரோக்களில் பூஞ்சை ஏறிக்கொண்டிருக்கிறது. காஸெட்டை ஓட்டுகிற யந்திரம் இன்னும் ஒன்றிரண்டு கடைகளில் கிடைக்கிறது. படத்தின் ஓரத்தில் வாசிப்பவர் யார் என்று கேட்டால் சொல்லக்கூடிய கிழவர்கள் இன்னும் சிலர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.